இறந்தவர் பெயரில் ஆர்.சி., வேறு காரின் இன்ஜின்: என் கான்டசாவை மீட்க முடியுமா?

திருப்பூரிலிருந்து 23 வயது வாசகர் ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவரையும் மற்றவர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். மாதம் 26,000 ரூபாய் சம்பளம். இவருடைய அப்பா ஒரு மில் முதலாளியிடம் பல வருடம் டிரைவராக இருந்தவர். ஓட்டியது வெள்ளை கான்டசா, அம்பாசடர் செய்த கம்பெனியின் கார். "முதலாளி வீட்டு வாசலில் கார் நிற்கும்போது பானட்டைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, உள்ளே ஏறியதில்லை" என்று எழுதுகிறார். வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில், ஒன்றரை வருடம் முன்பு கரூரில் ஒரு குடும்பத்திடமிருந்து 1990 மாடல் கான்டசா கிளாசிக், 1.8 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை 1,35,000 ரூபாய்க்கு வாங்கினார். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் 2020இல் இறந்துவிட்டார். காரை விற்றது அவர் மகன். "வீட்டுக்கு ஒரே பையன், அதனால் பிரச்சினை இல்லை" என்று சொல்லி, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆர்.சி. அதே 2020இல் காலாவதியாகிவிட்டது.

கார் 14 மாதமாகக் கோவைப் பக்கம் ஒரு ஒர்க்ஷாப்பில் நிற்கிறது. பழைய கார்களுக்குப் பேர்போன மெக்கானிக், வயது அறுபதுக்கு மேல். இதுவரை ஜிபேயில் தவணை தவணையாக 1,60,000 ரூபாய் போயிருக்கிறது. அதில் 80,000 ஒரு கடன் செயலியில் வாங்கியது. போன மாதம் நேரில் போய்ப் பார்த்தபோது காரில் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. "கிராங்க் வெடிச்சிருச்சு தம்பி, பெட்ரோலுக்குச் சாமான் கிடைக்காது. அம்பாசடர் டீசல் ஒண்ணு நல்லதா வந்துச்சு, ஏத்திட்டேன்" என்றாராம். (கிராங்க் என்பது இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு.) இன்னும் 70,000 வேண்டும், தராவிட்டால் ஒரு நாளைக்கு 200 ரூபாய் வீதம் வாடகை, கார் வெளியே போகாது என்கிறார்.

வாசகர் கேட்பவை நான்கு. போலீஸில் புகார் கொடுத்துக் காரை எடுக்கலாமா? 15,000 ரூபாய் கொடுத்தால் இறந்தவரின் கையெழுத்தைப் "பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு ப்ரோக்கர் சொல்கிறார், சம்மதிக்கலாமா? 15 வருடம் தாண்டிய காரை அரசு உடைத்துவிடும் என்கிறார்களே, விண்டேஜ் பதிவு செய்துவிட்டால் தப்பிக்கலாமா? அப்பா "எடைக்குப் போட்டுவிடு" என்கிறார், என்ன செய்வது?

இனி வாசகருக்கு.

அன்புள்ள தம்பி,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய ஐந்தாவது கேள்வி கடிதத்தில் இல்லை: காரிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் இப்போது எங்கே இருக்கிறது?

எட்டுப் பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். பெயின்ட் நிறம் இருக்கிறது, டாஷ்போர்டு விரிசல் இருக்கிறது, ஸ்டீரியோகூட இருக்கிறது. பழைய இன்ஜினைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆர்.சி.யைப் பொறுத்தவரை ஒரு கார் என்பது இரண்டு எண்கள்: சேசிஸ் எண், இன்ஜின் எண். இன்ஜின் எண் பொறித்த அந்த பிளாக், அதாவது இன்ஜினின் வார்ப்பு உடல், பழைய இரும்புக்குப் போய்விட்டால் உங்கள் ஆர்.சி.யில் பாதி போய்விட்டது போலத்தான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டசாவை நிறுத்தியது 2002இல். அம்பாசடரும் 2014இல் நின்று அந்தத் தொழிற்சாலையே மூடிவிட்டது. இன்னொரு பிளாக் புதிதாக வார்த்துத் தர ஆள் இல்லை.

அதனால் இன்றைக்கே, சண்டை எதுவும் இல்லாமல், வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "அண்ணே, நம்ம கார்ல இருந்து எறக்குன பழைய இன்ஜின், கார்புரேட்டர், மத்த சாமான் எல்லாம் எனக்கு வேணும். பத்திரமா வைங்க. ஒரு ஃபோட்டோ மட்டும் அனுப்புங்க." ஃபோனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். அவர் என்ன பதில் போட்டாலும் பின்னால் அது உங்களுக்குச் சாட்சி. "இருக்குது தம்பி" என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. "வித்துட்டேன்" என்றால் 70,000 ரூபாய் பேச்சே தலைகீழாகிவிடும், ஏனென்றால் உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் விற்றதற்கு அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினுக்குச் சாமான் கிடைக்காது என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நான் வக்கீல், மெக்கானிக் இல்லை. ஆனால் பழைய கார் வழக்குகளில் இந்த வாக்கியத்தை நிறையக் கேட்டிருக்கிறேன். கான்டசா கிளாசிக்கில் இருந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைத்தான் 1990களில் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட். காரிலும் போட்டார்கள். பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், கிராங்க் என்று இன்ஜினுக்குள் இருக்கும் சாமானுக்கு அம்பாசடர் வழியாக ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. சென்னை புதுப்பேட்டையிலோ கோவையின் பழைய சாமான் கடைகளிலோ அலைந்து தேடவேண்டியிருக்கும், அவ்வளவுதான். கான்டசாவில் நிஜமாகவே கிடைக்காதவை வெளியே இருப்பவை: கண்ணாடி, லைட், கிரில், கதவு ரப்பர் பீடிங். அந்த உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். காரிலிருந்து வந்தது. இங்கே வேறு எந்தக் காரிலும் அது இல்லை. ஆகவே அந்த ஒர்க்ஷாப்பிலிருந்து காரை எடுக்கும்போது இன்ஜினை மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள், கழற்றி வைத்த லைட்டும் பீடிங்கும் டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார் இன்னும் உங்களுடையது ஆகவில்லை

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. மூன்று லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் செலவழித்துவிட்டீர்கள், ஆனால் நீங்கள் எந்த வாசலுக்குப் போனாலும் கேட்கப்போகும் முதல் கேள்வி "வண்டி யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். போலீஸ் நிலையத்திலும் அதுதான், நுகர்வோர் ஆணையத்தில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்ததும் அதுதான். அதனால் நீங்கள் எழுதிய வரிசையை நான் மாற்றுகிறேன். மெக்கானிக்கோடு கணக்குத் தீர்ப்பது இரண்டாவது, காகிதம் முதலாவது.

"ஒரே பையன்" என்பதை நீங்கள் "ஒரே வாரிசு" என்று எடுத்துக்கொண்டீர்கள். விற்ற மகனுக்கு பெங்களூரில் ஒரு அக்கா இருப்பதாகவும், காரைப் பார்க்கப் போனபோது அம்மா காபி கொடுத்ததாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உயில் எதுவும் எழுதாமல் அந்த அப்பா இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் அந்தக் காரில் சம பங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. வீட்டுக்கு மட்டும்தான் வாரிசு, காருக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரும் சொத்துதான். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவர்கள் சம்மதத்தோடு பொருளைக் கையில் வைத்திருந்து, நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு விற்றால் அந்த விற்பனை செல்லும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது. அது உங்களுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். ஆனால் அதை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறாது.

பெயர் மாற இரண்டு படிகள். முதல் படி, இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு. இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம் ஆகியவற்றோடு படிவம் 31. இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது. கெடு எப்போதோ தாண்டிவிட்டது, ஆனாலும் அபராதம் கட்டிச் சரிசெய்யக்கூடிய தவறுதான். இரண்டாவது படி, அந்த வாரிசிடமிருந்து உங்களுக்கு. அதற்கு வழக்கமான 29, 30 படிவங்கள். காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிப்பது தனி வேலை. அதற்குப் படிவம் 25, வண்டியை நேரில் காட்ட வேண்டும். பழைய வண்டி என்பதால் அதன் விவரம் 'வாகன்' என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய ஆர்.சி. புக்கை வைத்து ஏற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். எதை முதலில், எதைப் பிறகு என்பதை அந்த அலுவலகத்திலேயே எழுதிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள், டீக்கடையில் கேட்காதீர்கள்.

கரூர் குடும்பம் ஒத்துழைக்குமா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மோசமானவர்களாகத் தெரியவில்லை, அலட்சியம்தான். அவர்களுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டு வழக்கில் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளை இந்தக் கார் யாரையாவது இடித்தால் வழக்கு அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும். இதைக் கேட்டால் பெங்களூர் அக்காவும் கையெழுத்துப் போட வந்துவிடுவார்.

ப்ரோக்கர் சொன்ன வழி வேண்டாம்

இதில் எடைபோட ஒன்றுமில்லை. இறந்தவர் உயிரோடு இருந்ததுபோல முன்தேதி போட்டுக் கையெழுத்திடுவது போலி ஆவணம் தயாரிப்பது. அதை நிஜமென்று அலுவலகத்தில் கொடுப்பது தனிக் குற்றம். ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 336, 340 ஆகிய பிரிவுகள். கையெழுத்துப் போட்டது ப்ரோக்கர் என்றாலும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயர் உங்களுடையது. இறப்பு 2020இல் பதிவாகியிருக்கிறது, அதை எவரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். 23 வயதில் ஒரு கிரிமினல் வழக்கு வந்தால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தெரியும் அதன் வலி. உங்கள் தொழிலில் வெளிநாட்டுப் பயணம் வரும் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

15 வருடம், 20 வருடம், 50 வருடம்

15 வருடம் தாண்டிய காரை அரசு பிடுங்கி உடைத்துவிடும் என்பது டெல்லியிலிருந்து கிளம்பித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய பயம். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியிலும் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வரம்பு வைத்தன. அந்த வரம்பு இங்கே இல்லை. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டினால் கட்டாயமாகப் போக வேண்டியவை அரசு வாகனங்கள். உங்களைப் போன்ற தனியார் காருக்கு, 15 வருடத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து ஓட்டத் தகுதியானது என்று சொல்லும்வரை.

விலைதான் ஏறிவிட்டது. 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரியும், இத்தனை வருடம் புதுப்பிக்காததற்கான தொகையும் தனி. கணக்குப் போடும்போது 10,000த்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

விண்டேஜ் பதிவு உங்களுக்குக் கிடைக்காது. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் கார் அதற்கு 2040 வரை காத்திருக்க வேண்டும். அப்படியே கிடைத்தாலும் நீங்கள் அதை விரும்பமாட்டீர்கள். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டும்தான் அந்த வண்டியைச் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து அவிநாசி ரோட்டில் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு அந்தப் பதிவு உதவாது. இன்னொன்று, சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குத்தான் அது. டீசல் ஏற்றிய கான்டசா அந்த வாசலில் 2040இலும் நிற்க முடியாது.

அந்த டீசல் இன்ஜின்

கான்டசாவே பின்னாளில் இசுசு 2 லிட்டர் டீசலோடு வந்ததுதான், அம்பாசடர் டீசல்களில் ஒரு வகையிலும் அதே இன்ஜின்தான். அதுவாக இருந்தால் பொருத்துவதற்கு ஒத்துப்போகும், நன்றாகவும் ஓடலாம். மெக்கானிக் கண்ணில் அது ஒரு நல்ல தீர்வு. அவர் உங்களை ஏமாற்றத்தான் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டியை ஓட வைப்பது ஒன்றுதான் கணக்கு என்று நினைக்கும் தலைமுறை அது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. உங்கள் ஆர்.சி.யில் எரிபொருள், சி.சி., இன்ஜின் எண் மூன்றும் இப்போது பொய். பிடிபட்டால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. சிறைக்கெல்லாம் யாரும் அனுப்பமாட்டார்கள் என்பது வேறு விஷயம். என் கவலை அதுவும் இல்லை. அந்த டீசல் இன்ஜின் எந்த அம்பாசடரிலிருந்து வந்தது? பில் இருக்கிறதா? திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் விசாரணை உங்களிடம் வந்து நிற்கும். விபத்தில் ஒருவருக்கு அடிபட்டால், ஆர்.சி.க்குச் சம்பந்தமில்லாத இன்ஜினோடு ஓடிய வண்டி என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கப் பார்க்கும். இழப்பீடு எத்தனை லட்சம் என்பதை உங்கள் சம்பளத்தோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

என் முடிவு: டீசல் வேண்டாம். பழைய பெட்ரோல் பிளாக் கையில் இருந்தால் அதையே ரிப்பேர் செய்து ஏற்றுங்கள். கிராங்க் மட்டும் மாறினால் இன்ஜின் எண் மாறாது. பிளாக்கே போய்விட்டது என்றால், பில்லோடு அதே 1.8 பெட்ரோல் இன்ஜின் ஒன்று தேடி, காரில் ஏற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி கேட்டு மனு கொடுங்கள். ஏற்றிவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

காரைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டா?

உண்டு என்பது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆவது பிரிவு: ஒருவரிடம் கொடுத்த பொருளின் மேல் அவர் உழைப்போ திறமையோ செலவழித்திருந்தால், அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சட்டமே தையல்காரர் உதாரணம் கொடுக்கிறது. கோட்டு தைத்து முடித்ததும் கொடுத்துவிடுகிறேன், மூன்று மாதம் கழித்துப் பணம் கொடு என்று சொன்ன தையல்காரர், பணம் வரவில்லை என்று கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. அப்படி வாக்குக் கொடுக்காதவர் வைக்கலாம். (எல்லாப் பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொது உரிமை 171ஆவது பிரிவில் வங்கி போன்ற சிலருக்கு உண்டு. அந்தப் பட்டியலில் வக்கீல்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்து வைக்காதே என்று 2000இல் உச்ச நீதிமன்றம் எங்களை அடக்கிவிட்டது.)

ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. நீங்கள் சொன்ன வேலைக்கான கூலிக்குத்தான் அது. சொல்லாத டீசல் இன்ஜினுக்கு அவர் போட்ட விலைக்கு இல்லை. 200 ரூபாய் வாடகைக்கும் இல்லை, தன் பாக்கிக்காகத் தானே பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு வாடகையும் கேட்க முடியாது. ஆகவே 70,000த்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: டிங்கரிங், பெயின்ட், பிரேக், வயரிங் போன்று நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை ஒரு பக்கம், டீசல் இன்ஜினும் அதை ஏற்றிய கூலியும் இன்னொரு பக்கம். எழுதித் தரச் சொல்லுங்கள். 14 மாதத்தில் ஒரு பில்கூட வாங்கவில்லை என்பது உங்கள் தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போலீஸா, ஆணையமா, பேச்சா

போலீஸில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டு இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவதே அதிகம். அதோடு, ஆர்.சி. காலாவதியான, வேறொருவர் பெயரில் உள்ள, இன்ஜின் எண் பொருந்தாத ஒரு காரை நீங்களாகவே போய்க் காட்டுகிறீர்கள். பழைய இன்ஜினை விற்றுவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம், அதுவும் காகிதத்தைக் கொஞ்சமாவது நேர் செய்த பிறகு.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பொருத்தமான இடம். காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு. 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பிக் காலண்டரில் குறிக்காதீர்கள். அதுவரை கார் வெயிலில் நிற்கும்.

இங்கேதான் உங்கள் வழக்கு ஒரு மாருதி வழக்கிலிருந்து வேறுபடுகிறது. மாருதி என்றால் சண்டை போட்டுவிட்டு அடுத்த தெருவில் இன்னொரு மெக்கானிக்கிடம் விடலாம். கான்டசாவின் கார்புரேட்டரைக் கையால் தொட்டுச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர்? அந்த மனிதரைப் பகைத்துக்கொண்டால் உங்களுக்கு இருக்கும் மிக அபூர்வமான ஸ்பேர் பார்ட்டை இழக்கிறீர்கள். அதனால் நான் சொல்வது பேச்சு, ஆனால் கையில் ஒரு நோட்டீஸ் வரைவோடு. டீசல் இன்ஜினை அவரே எடுத்துக்கொள்ளட்டும், அது வேறு காருக்கு விலை போகும். பழைய இன்ஜின் உங்களுக்கு. ஒப்புக்கொண்ட வேலையில் பாக்கி நியாயமாக எவ்வளவோ அதை வங்கி மூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். தொகையில் கருத்து வேறுபாடு இருந்தும் காரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் செலுத்துங்கள். பிறகு திருப்பிக் கேட்கும் உரிமை போகாது. பதினைந்து நாளில் ஒத்துவராவிட்டால் நோட்டீஸ், அப்புறம் ஆணையம்.

காரை அங்கிருந்து ஓட்டி வராதீர்கள். பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டினால் முதல் முறைக்கே 2,000 முதல் 5,000 வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததற்கு இன்னொரு 2,000. ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

வைத்துக்கொள்வதா, விற்பதா

எடைக்குப் போட்டால் கிடைப்பது நீங்கள் போட்டதில் சொற்பம். காகிதம் நேராகாமல் வேறு யாருக்கும் நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. ஆகவே விற்பதாக இருந்தாலும் வைத்துக்கொள்வதாக இருந்தாலும் முதல் ஆறு மாத வேலை ஒன்றுதான், பெயர் மாற்றம். அதற்குள் உங்கள் மனமும் தெளிந்துவிடும்.

வைத்துக்கொள்வதானால் வருடச் செலவையும் எழுதிப் பாருங்கள். கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு, 2022இல் அறிவித்த விகிதப்படி, 7,897 ரூபாய், வரி தனி. ஆரம்ப காலக் கான்டசாவில் இருந்த 1,489 சி.சி. இன்ஜினாக இருந்தால் அதில் பாதிகூட ஆகாது. அபூர்வமான கார் என்பதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி மதிப்புக் கொடுக்காது. ஓன் டேமேஜ், அதாவது உங்கள் காரின் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கிடைத்தாலும் என்ன மதிப்பு என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். புகைச் சோதனையில் உங்கள் காரின் காலத்து பெட்ரோல் கார்களுக்கு, வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலிங்), கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தால் வரும்.

கடன் செயலியில் வாங்கிய 80,000த்தை முதலில் முடியுங்கள். அதன் வட்டியோடு போட்டி போட்டு எந்தக் காரையும் ரிப்பேர் செய்ய முடியாது. முடியும்வரை கார் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கட்டும், டேங்கில் பெட்ரோல் இல்லாமல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை இல்லை, எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நிற்கிற வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும். என் அப்பாவின் பத்மினி காரில் பெட்ரோல் குழாய் கசிந்து, வாசனை வந்ததால் தப்பித்தோம். இன்ஜினை ஏற்றும்போதே எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றச் சொல்லிவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலை.

டிரைவிங் ஸ்கூல் ஸ்விஃப்ட்டில் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது பின்சக்கரத்தில் இழுக்கும் கனத்த கார். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. முன் சீட்டுக்கு பெல்ட் வைத்தே தீர வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு விதி வந்தது 1994இல். உங்களுடையது 1990. நல்ல பெல்ட் வாங்கிப் பொருத்துங்கள். முதல் ஒரு மாதம் தனியாக எடுக்காதீர்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று. "எடைக்குப் போடு" என்று அவர் சொல்வதை நீங்கள் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அந்தக் காரின் செலவை இன்னொருவர் பணத்தில் பார்த்தவர். ஒரு கான்டசா மாதம் எவ்வளவு தின்னும் என்று உங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். பல வருடம் அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டவரும் அவர்தான். ஒர்க்ஷாப்புக்குப் போகும்போது நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வயதானவர்கள் பேசிக்கொள்ளும்போது விலை இறங்கும். பழைய பிளாக் மூலையில் எங்காவது கிடந்தால் எண் பொறித்த இடத்தைத் துடைத்து ஃபோட்டோ எடுங்கள், சேசிஸ் எண்ணுக்கு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுங்கள், இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் எந்த இடத்தில் இருக்கும் என்று அப்பாவைக் கேளுங்கள். எஃப்.சி.க்கு அந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியது முதலாளியாக இருந்திருக்காது.